கிம்லி கண்ட ஊராட்சி

ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ பல்லவர் குடைவரைகளைப் பற்றியோ எழுதுவதே முறையென யாமும் முதற்கண் எண்ணினோம். ஆயின் அவை பற்றி முன்னைய மலர்களில் அறிஞர் பலர் நிறைய எழுதிவிட்டனர். அன்றியும், அண்மைக் காலமாக எம் மனத்தை வேறொரு வினா அரித்து வந்தது. ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் தமிழ் வகுப்பு முடிந்து, நம் பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிச் சிரித்தவாறே படியிறங்கிச் செல்கையில், பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கும் நோக்கை அன்பர்கள் அனைவரும் அறிவர். பிழைக்க வந்த மண்ணில் நம் மொழி எத்தனை தலைமுறை நிற்கும் என்பதே அந்நோக்கின் பொருள்.

இவ்வினாவை நமக்கு முன்னரே, நம்மினும் பன்மடங்கு இடர்ப்பட்ட நிலையில் நின்று கேட்ட மக்கள் உளர். அவர்கள் வட அமெரிக்காவில், கனடா நாட்டு மானிட்டோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் குடியேறிய ஐஸ்லாந்து மக்கள். அவர்கள் கண்ட ஊர் கிம்லி. அவ்வூரைச் சூழ்ந்து எழுந்த ஆட்சியமைப்பு 'கிம்லி ஊரக நகராட்சி' எனப்படுகிறது. நகராட்சி என்றதும் மாடமாளிகைகள் நிறைந்த பட்டணத்தை எண்ணிவிட வேண்டா. பல சிற்றூர்களையும் அவற்றைச் சூழ்ந்த பண்ணை நிலங்களையும் ஒரே மன்றத்தின்கீழ் வைக்கும் அமைப்பை அந்நாட்டார் அவ்வாறு வழங்குவர். நம் நாட்டுப் பஞ்சாயத்து ஒன்றியத்தோடு அதனை ஒருவாறு ஒப்பிடலாம்.

ஐஸ்லாந்து, வட அட்லாந்திக்குப் பெருங்கடலில் எரிமலையும் பனிமலையும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு தீவு. கி.பி. 930ஆம் ஆண்டளவிலேயே அங்கு 'ஆல்திங்' என்னும் பேரவை கூடத் தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்நாடு நார்வே மன்னர்க்கு உட்பட்டது. பின்னர் டென்மார்க்கின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தது. மரங்கள் அரிய நாடு அது. ஆடு வளர்ப்பதும் கடலில் மீன் பிடிப்பதுமே பிழைப்பு. நெடிய குளிர்கால இரவுகளில் வீட்டார் அனைவரும் ஒரே அறையில் அமர்ந்து கம்பளி நூற்க, ஒருவர் பழங்கதைகளை உரக்கப் படிப்பது அவர்தம் வழக்கம். கஞ்சிக்கு வழியில்லாத வீட்டிலும் புத்தகம் இருந்ததற்கு இவ்வழக்கமே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளிர் மிகுந்த ஆண்டுகளும், மேய்ச்சல் குறைவும், நிலமின்மையும் மக்களைக் கடல் கடக்கத் தூண்டின. 1875ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் ஆசுக்கியா என்னும் எரிமலை வெடித்துத் தீவின் கிழக்குப் பகுதியைச் சாம்பலால் மூடியது. இவ்வெடிப்பே குடிபெயர்வுக்குக் காரணம் என்று சிலர் எழுதுகின்றனர். அது முழுதும் பொருந்தாது. கிம்லிக்கு வந்த முதற்குழுவினருட் பெரும்பாலோர் அதற்கு முன்னரே தாய்நாட்டை விட்டவர்கள். 1874ஆம் ஆண்டு முதல் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்துக் கின்மவுண்டு என்னும் இடத்தில் இருப்புப்பாதை வேலையில் கூலிகளாக இருந்தவர்கள். அங்கே நெருக்கமான மரக்கொட்டகைகளில் வாழ்ந்தபோது நோயுற்றுக் குழந்தைகள் பலர் மாண்டனர். எரிமலையால் நாடு விட்டோர் அடுத்த ஆண்டிலேயே பெருந்திரளாக வந்து சேர்ந்தனர்.

கூலிகளாகச் சிதறிக் கிடந்தால் ஒரு தலைமுறையில் மொழி போகும், அடையாளமும் போகும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே கனடா அரசாங்கத்திடம் அவர்கள் கேட்டவை கூலியுயர்வு போன்ற சிறு சலுகைகள் அல்ல. ஏனைய குடிமக்களுக்குள்ள உரிமை அனைத்தும் தமக்கும் உடனே வேண்டும்; ஒருங்கே குடியேறப் போதிய நிலம் ஓரிடத்தில் வேண்டும்; தம் மொழியையும் இனமரபையும் தடையின்றிப் பேணும் உரிமை என்றும் வேண்டும். எழுத்தறிவு மிக்க ஏழைகளின் கோரிக்கை இஃது. இவர்கட்குத் துணை நின்றவர் இருவர். ஒருவர், 1872ஆம் ஆண்டிலேயே கனடாவுக்கு வந்து ஆங்கிலம் கற்றிருந்த சிக்திரிகுர் யோனாசன் என்னும் இளைஞர். மற்றவர், சமயப்பணி செய்து வந்த ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயர். ஐஸ்லாந்து மொழி அறியாத டெய்லர், கின்மவுண்டில் அம்மக்கள் பட்ட பாட்டைக் கண்டு இரங்கித் தலைநகருக்குச் சென்று அவர்களுக்காக மன்றாடினார்.

1875ஆம் ஆண்டு அக்டோபரில் அரசாணை பிறந்தது. வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் ஏறத்தாழ 58 கிலோமீட்டர் நீளமும் 18 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலம், ஏரியிலுள்ள பெருந்தீவு ஒன்றுடன், ஐஸ்லாந்தியர்க்கே உரியதென ஒதுக்கப்பட்டது. அதற்குப் 'புதிய ஐஸ்லாந்து' என்று பெயர். மானிட்டோபா மாகாணத்தின் அக்கால எல்லைக்கு வெளியே, வடக்கே, யாதொரு ஊராட்சியும் இல்லாத நிலப்பரப்பு அது. இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

அதே அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், தட்டைப் படகுகளில் ஏறி, அட்சன் விரிகுடாக் கம்பெனியின் 'கால்வில்' என்னும் நீராவிப் படகால் இழுக்கப்பெற்று, இருநூற்றுக்கும் மேற்பட்டோர் ஏரிக்குள் வந்தனர். அவர்கள் செல்ல விரும்பிய இடம் இன்னும் வடக்கே, வெண்சேற்றாற்றின் கரை. வானிலை கெட்டதால் வில்லோ முனை என்னுமிடத்திலேயே படகுகளை அவிழ்த்துவிட்டு நீராவிப் படகு திரும்பிவிட்டது. ஐஸ்லாந்து நாட்காட்டியின்படி கோடையின் இறுதி நாட்கள் அவை. அடுத்து வருவது குளிர்காலம்! அவ்விடத்துக்குச் சற்று வடக்கே ஓர் ஊர் காணத் திட்டமிட்டு அதற்குக் 'கிம்லி' என்று பெயரிட்டனர். உலகம் அழிந்தபின் நல்லோர் சென்று வாழும், கதிரவனினும் ஒளிமிக்க மண்டபத்துக்கு வடபுலத்துப் புராணம் வழங்கும் பெயர் அஃது. பசித்த வயிற்றோடு பனியில் நின்று அத்தகைய பெயரை வைத்த நெஞ்சுரத்தை என்னென்பது!

மரமில்லா நாட்டிலிருந்து வந்தோர்க்குக் கோடரி பிடிக்கத் தெரியாது. கடலில் மீன் பிடித்துப் பழகியவர்க்கு உறைந்த ஏரியின் பனிக்கட்டியைத் துளைத்து அதன் அடியில் வலை இறக்கும் முறையும் புதிது. முதற் குளிர்காலத்தை அவசரமாகக் கட்டிய மரக்குடில்களில் ஒடுங்கிக் கழித்தனர். உணவுக் குறையால் பலர் இறந்தனர். அந்நிலையிலும் அக்குளிர்காலத்திலேயே டெய்லரின் உறவுப் பெண் ஒருவர் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தினார் என்பது குறிக்கத்தக்கது. மொழியைக் காக்க வந்தவர்கள் அந்நாட்டு மொழியை வெறுக்கவில்லை.

இனி, விழாமேடைகளிற் பெரும்பாலும் விட்டுவிடப்படும் ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். ஒதுக்கப்பட்ட நிலம் வெற்று நிலம் அன்று. வெண்சேற்றாற்றின் கரையிலும் அருகிலுள்ள மணற்றிட்டிலும் சோட்டோ, கிரீ என்னும் பழங்குடியினர் வீடு கட்டித் தோட்டம் போட்டு வாழ்ந்து வந்தனர். அரசாங்கம் அவர்களைக் கேட்டு நிலத்தை ஒதுக்கவில்லை. 1876ஆம் ஆண்டில் ஐஸ்லாந்தியர் சிலர் அவ்வாற்றுக்கு வந்தபோது, ஜான் ராம்சே என்னும் சோட்டோ குடியினர் அவர்கள் படகைக் கரையேற விடாது தள்ளினார். வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. தீர்ப்பு வந்தவர்கள் பக்கமே நின்றது. யாதோர் ஊரிலும் குடியேறியவர் வரலாற்றை எழுதுவோர், 'எமக்கு முன் இங்கு யார் இருந்தார்?' என்று ஒருமுறையேனும் கேட்டல் வேண்டும். அவ்வினாவை யாமும் இந்நகரத்தைப் பற்றிக் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அதே ராம்சே, பகையை மனத்தில் வைத்திருந்தாரல்லர். வேட்டையிறைச்சி கொடுத்தும், வழிகாட்டியும், குளிர்காலத்தில் வாழும் முறை கற்பித்தும் அவர் பலரைக் காப்பாற்றினார் என்று அக்குடியேறிகளின் வழியினரே நன்றியுடன் எழுதி வைத்துள்ளனர்.

1876ஆம் ஆண்டுக் கோடையில் சிக்திரிகுர் யோனாசன் தாய்நாடு சென்று ஏறத்தாழ 1,200 பேரை அழைத்து வந்தார். அவர்களோடு பெரியம்மையும் வந்தது. இலையுதிர்காலத்தில் தொடங்கிய அந்நோய் அடுத்த ஆண்டு வரை நின்று நூற்றுக்கு மேற்பட்ட ஐஸ்லாந்தியரைக் கொன்றது. இறந்தவருட் பெரும்பாலோர் குழந்தைகளும் இளைஞரும் ஆவர். பழங்குடியினர்க்கோ அது பேரழிவு. மணற்றிட்டு ஊர் ஏறத்தாழ வெறுமையாயிற்று. ராம்சேயின் மனைவி பெட்சியும் இறந்தார். நோய் தெற்கே பரவாதிருக்க நெட்லி ஓடையில் காவல் வைத்து ஒருவரையும் அப்பால் விடாது அரசாங்கம் தடுத்தது. 1877 சூலையில்தான் அத்தடை நீங்கியது. தடைக்காலத்தில் டெய்லரின் உறவுப் பெண்ணுக்கும் ஐஸ்லாந்து இளைஞர் ஒருவர்க்கும் மணம் நிகழ்ந்ததாகவும், பாதிரியார் ஓடைக்கு அக்கரையிலும் மணமக்கள் இக்கரையிலும் நிற்க மணமொழிகள் நீரைக் கடந்து கூவப்பட்டதாகவும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்வர். துன்பத்தின் நடுவிலும் மனித மனம் விழாவொன்றைத் தேடிக்கொள்கிறது போலும்.

இத்தனைக்கும் இடையில் அவர்கள் செய்த செயலே எம்மை வியப்பில் ஆழ்த்தியது. நோய் ஓயும் முன்பே, 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கூட்டம் கூட்டித் தேர்தல் நடத்தினர். 1878 சனவரியில் தமக்கெனச் சட்டம் வகுத்துக்கொண்டனர். 'வாத்னசுதிங்' என்பது அவ்வாட்சிக்கு அவர்கள் இட்ட பெயர். 'ஏரி மன்றம்' என்று தமிழ்ப்படுத்தலாம். குடியிருப்பை நான்கு பகுதிகளாக்கினர். ஒவ்வொன்றுக்கும் ஐவர் கொண்ட அவை. அவையின் தலைவர்கள் சேர்ந்து பேரவை. பேரவைக்குத் தலைவர் யோனாசன். சாலை போடுதல், கைம்பெண்களையும் அனாதைகளையும் பேணுதல், அம்மை குத்துதல், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவு செய்தல் என்பனவெல்லாம் அச்சட்டத்தில் இடம்பெற்றன. கனடாவின் மேலைச் சமவெளியில் வேறு எக்குடியேற்றத்துக்கும் இத்தகைய எழுதப்பட்ட தன்னாட்சிச் சட்டம் இருந்ததாக யாம் படித்ததில்லை. மாகாண எல்லைக்கு அப்பால் இருந்தமையால் அவர்களை ஆளுவார் இல்லை. ஆகவே தம்மைத் தாமே ஆண்டனர்.

அச்சகம் ஒன்றும் தோன்றியது. 1877 செப்டம்பர் 10ஆம் நாள், இன்று ரிவர்ட்டன் எனப்படும் ஊரில், மரக்குடில் ஒன்றில் 'ஃபிராம்ஃபாரி' என்னும் இதழ் ஐஸ்லாந்து மொழியில் வெளிவந்தது. 'முன்னேறுபவன்' என்பது அதன் பொருள். ஆடு மாடு வாங்கக் காசில்லாதோர் அச்செழுத்து வாங்கக் காசு திரட்டினர்! 1880 சனவரி வரை அது நடந்தது. ஆண்டு மலர் ஒன்றை அச்சேற்ற விளம்பரத்துக்கு அலைந்து களைக்கும் நம் மலர்க்குழுவினர்க்கு இச்செய்தி ஆறுதலாகவும் இருக்கலாம், நாணமாகவும் இருக்கலாம்.

இதழ் தொடங்கிய நான்காம் நாள், செப்டம்பர் 14இல், கனடாவின் தலைமை ஆளுநர் டப்ரின் பிரபு கிம்லிக்கு வந்தார். பின்னர் 1884 முதல் 1888 வரை நம் நாட்டில் வைசிராயாக இருந்த அதே டப்ரின்தான். இவர் இளமையில், 1856ஆம் ஆண்டில், ஐஸ்லாந்துக்குப் பயணம் செய்து அதனைப் பற்றி நூலும் எழுதியவர். ஆகலின் அம்மக்களிடம் தனிப் பற்றுடையவராய் இருந்தார். கிம்லியில் ஆற்றிய உரையில், தாம் நுழைந்த எந்தக் குடிசையிலும், சுவரும் தட்டுமுட்டுப் பொருளும் எவ்வளவு வறியனவாயினும், இருபது முப்பது புத்தகங்களேனும் இருக்கக் கண்டதாக அவர் வியந்து கூறினார். நம் நாட்டில் அவர் ஆண்ட காலத்தில் எத்தனை குடிசைகளுக்குள் நுழைந்தார் என்பது வேறு செய்தி.

இனி இக்கதையின் கசப்பான கட்டம். மொழியால் ஒன்றுபட்டோர் சமயத்தால் பிரிந்தனர். அனைவரும் லுத்தரன் திருச்சபையினரே. ஆயினும் யோன் பியர்னசன் என்னும் குரு ஒரு நெறியையும், பால் தோர்லாக்சன் என்னும் குரு கடுமையான வேறொரு நெறியையும் போதித்தனர். சிறிய ஊர், பெரிய சண்டை. ஊரவைக் கூட்டமும் இதழின் பக்கங்களும் அச்சண்டையால் நிரம்பின. தோர்லாக்சனைப் பின்பற்றியோர் அமெரிக்க நாட்டு டக்கோட்டாப் பகுதிக்குப் புறப்பட்டனர். எஞ்சியோர் மீது 1880ஆம் ஆண்டில் ஏரி வெள்ளம் பாய்ந்தது. அறுத்து வைத்த வைக்கோலும் வீடுகளும் நீரில் மூழ்கின. மேலும் பலர் வெளியேறினர். பிற்காலத்தில் வடதுருவ ஆய்வாளராகப் புகழ்பெற்ற வில்லியால்மர் ஸ்டெஃபான்சன் 1879ஆம் ஆண்டில் இக்குடியிருப்பின் ஆர்னெசு என்னும் இடத்தில் பிறந்தவர். அவர் குடும்பமும் வெள்ளத்துக்குப் பின் டக்கோட்டா சென்றதே. ஆயிரத்துக்கு மேல் இருந்த மக்கள் சில நூறாகக் குறைந்தனர். இதழ் நின்றது. பியர்னசனும் தாய்நாடு திரும்பினார்; சில ஆண்டுகட்குப் பின்னரே வின்னிபெக்கு நகருக்கு வந்தார்.

யோனாசன் மட்டும் விடவில்லை. மர அறுவை ஆலையும் நீராவிப் படகும் வைத்து எஞ்சியோர்க்கு வேலை கொடுத்தார். 1880களின் நடுப்பகுதியில் ஐஸ்லாந்திலிருந்து புதியோர் மீண்டும் வரத் தொடங்கினர். இதற்கிடையில் 1881ஆம் ஆண்டில் மானிட்டோபாவின் எல்லை வடக்கே விரிந்து புதிய ஐஸ்லாந்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1887இல் மாகாணச் சட்டப்படி 'கிம்லி ஊரக நகராட்சி' நிறுவப்பட்டது. ஏரி மன்றத்தின் சட்டம் அத்துடன் வழக்கொழிந்தது. வருத்தத்துக்குரிய முடிவு என்று சிலர் இதனைச் சொல்வர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாமே தமக்கு வகுத்துக்கொண்ட ஆட்சியில் பத்தாண்டு பழகியிருந்தமையாலேயே, மாகாணம் தந்த மன்றத்தை அவர்கள் அன்னியமாகக் கருதாமல் முதல் நாளிலிருந்தே நடத்த முடிந்தது. யோனாசன் 1896ஆம் ஆண்டில் மாகாணச் சட்டமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மன்றத்தில் அமர்ந்த முதல் ஐஸ்லாந்தியர் அவரே.

அடுத்த ஆண்டிலேயே வேலி விழுந்தது. 1897ஆம் ஆண்டில் ஒதுக்கீடு நீக்கப்பட்டு, புதிய ஐஸ்லாந்தின் நிலம் எவர்க்கும் திறந்துவிடப்பட்டது. மேலைச் சமவெளியைக் குடிகளால் நிரப்பக் கருதிய அமைச்சர் கிளிபர்டு சிப்டன் ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியினின்று உழவர்களை அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் ஆசுத்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கலீசியா நாட்டிலிருந்து உக்ரேனியரும் போலந்தினரும், அவர்களை ஒட்டிச் செருமானியரும் அங்கேரியரும் வந்தனர். ஏரிக்கரை முழுதும் ஐஸ்லாந்தியர் கையில். ஆகவே வந்தோர்க்குக் கிடைத்தது மேற்கே உள்ள சதுப்பும் கல்லும் நிறைந்த காடு. பத்து டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர்! சொந்த ஊரில் காணி நிலத்துக்கு ஏங்கியவர்க்கு அது பேரரசாகத் தோன்றியிருக்கும். கோடரி பிடிக்கவே அறியாது வந்த ஐஸ்லாந்தியர்க்குக் காடு பகையாக இருந்தது. பண்ணையாரின் காட்டில் சுள்ளி பொறுக்கவும் அஞ்சி வாழ்ந்த உக்ரேனியர்க்கோ மரம் அடர்ந்த நிலமே செல்வமாகத் தெரிந்தது. களிமண்ணையும் வைக்கோலையும் சாணத்தையும் குழைத்து மரச்சுவரில் பூசி, வெள்ளையடித்து, கூரை வேய்ந்து அவர்கள் கட்டிய வீட்டின் படத்தைப் பார்த்தால், நம் தாத்தா பாட்டியர் வீட்டை நினையாதிருத்தல் அரிது. வீட்டின் நடுவே களிமண் அடுப்பு ஒன்று; அதன் மேலேயே குளிர்காலத்தில் உறங்குவர்.

இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் தாமே அன்னியராய் வந்தோர், இவ்வன்னியரை எவ்வாறு வரவேற்றனர்? மகிழ்ச்சியோடு என்று எழுத இயலவில்லை. ஆட்டுத்தோல் அங்கியும் தலைமுக்காடும் அணிந்து, புரியாத மொழி பேசி வந்தோரை ஐயத்துடனேயே பார்த்தனர். தமக்கென்று பெற்ற நிலம் கைவிட்டுப் போகிறதே என்னும் மனக்குறை வேறு. ஆனால் ஊராட்சி என்பது விந்தையானதொரு பொருள். வடிகால் வெட்டுவதும் சாலை போடுவதும் வரி விதிப்பதும் ஒரு மொழியார்க்கு மட்டும் செய்யக்கூடியன அல்ல. மேற்கேயுள்ள உக்ரேனியன் நிலத்து நீர் வடிந்து ஏரியைச் சேர வேண்டுமாயின், கிழக்கேயுள்ள ஐஸ்லாந்தியன் நிலத்தின் வழியே செல்ல வேண்டும். அதனைப் பேசித் தீர்க்க ஒரே மன்றத்தில் அமர்ந்தே ஆக வேண்டும். மீன்பிடித் தொழிலிலும் ஒருவரிடம் ஒருவர் கற்றனர். பின்னர்த் திருமணங்களும் நிகழ்ந்தன.

1906ஆம் ஆண்டில் இருப்புப்பாதை கிம்லியை எட்டியது. ஏரி மீன் பனிக்கட்டியில் பொதியப்பெற்று நகரங்களுக்குச் செல்லவும், வின்னிபெக்கு மக்கள் கோடையில் ஏரிக்கரைக்கு வரவும் வழி பிறந்தது. 1908இல் கிம்லி தனிச் சிற்றூராட்சி ஆயிற்று. வடபகுதி பிரிந்து 'பைஃப்ரோசுட்டு' என்னும் தனி ஊரக நகராட்சியாயிற்று. தேவருலகுக்கும் மண்ணுலகுக்கும் இடையே உள்ள வானவிற் பாலத்துக்குப் புராணம் வழங்கும் பெயர் அது. பெயர் வைப்பதில் அவர்களுக்கு நிகர் அவர்களே.

மொழி என்ன ஆயிற்று? நம் அன்பர்கள் காத்திருக்கும் வினா இதுவே. மானிட்டோபாவில் 1897ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி, பத்துப் பிள்ளைகள் வேறு மொழி பேசுவோராயின் அம்மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் பள்ளி நடத்தலாம். உக்ரேனியரும் போலந்தினரும் அவ்வுரிமையைப் பெரிதும் பயன்படுத்தினர். ஐஸ்லாந்தியரோ பள்ளியில் ஆங்கிலமும் வீட்டிலும் ஞாயிறு வகுப்பிலும் தம் மொழியும் என்று வைத்துக்கொண்டனர். 1916ஆம் ஆண்டில் மாகாண அரசாங்கம் இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. அவ்வமைச்சரவையில் ஐஸ்லாந்தில் பிறந்த தாமசு ஜான்சனும் ஓர் அமைச்சர்! மகளிர்க்கு வாக்குரிமை தந்ததும் அதே அரசாங்கம், அதே ஆண்டு. அவ்வுரிமைக்காக 1898 முதல் 'ஃபிரெய்யா' என்னும் ஐஸ்லாந்து மொழி இதழை நடத்தியவர் மார்கிரெட் பெனடிக்சன் என்னும் அம்மையார். ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த ஆண்டு என்று அதனைச் சொல்லத் தோன்றுகிறது. உக்ரேனியர்க்கு அது இன்னும் கொடிய காலம். முதல் உலகப் போரின்போது, ஆசுத்திரியப் பேரரசின் குடிகள் என்பதற்காகவே, கனடா முழுவதும் எண்பதாயிரம் பேர், பெரும்பாலும் உக்ரேனியர், பகைநாட்டினர் எனப் பதிவு செய்யப்பட்டுக் காவல் நிலையங்களில் கையெழுத்திட்டு வந்தனர்.

பெயர்களும் மாறின. ஐஸ்லாந்தியர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே மகனுக்கும் மகளுக்கும் அடைமொழி. யோனாசன் எனின் யோனாசின் மகன். கனடாவில் அது குடும்பப் பெயராய் உறைந்துவிடவே, மகளும் 'மகன்' என்னும் பெயரைச் சுமக்கலானாள். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் நாம், இங்குள்ள பள்ளி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தைக் கண்டு பேனாவை நிறுத்தி விழிப்பது நினைவுக்கு வருகிறதன்றோ?

இன்று கிம்லித் தெருக்களில் ஐஸ்லாந்து மொழி அன்றாடப் பேச்சாக இல்லை. மூன்றாம் தலைமுறையில் தளர்ந்தது. முதியோர் சிலரிடமே எஞ்சியது. ஆயினும் முற்றும் அழிந்ததென்று சொல்லவும் கூடவில்லை. 1915இல் கிம்லியில் தொடங்கிய பெத்தேல் முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் அம்மொழி ஒலித்தது. 1886இலும் 1888இலும் வின்னிபெக்கில் தோன்றிப் பகைமை பாராட்டி வந்த இரு வார இதழ்கள் 1959இல் ஒன்றாய் இணைந்தன. சமூகத்தார் திரட்டிய நன்கொடையால் 1951ஆம் ஆண்டில் மானிட்டோபாப் பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்து மொழிக்குத் துறை அமைந்தது. 1890இல் வின்னிபெக்கில் தொடங்கிய 'ஐஸ்லாந்தியர் நாள்' விழா 1932 முதல் கிம்லியிலேயே ஆகஸ்டுத் தொடக்கத்தில் நடைபெறுகிறது. தாய்நாட்டின் உருவகமாகப் பச்சை மேலாடையும் முடியும் அணிந்து ஒரு மூதாட்டி மேடையில் அமர்வார். அவர்க்கு 'மலைமகள்' என்று பொருள்படும் பெயர். நம் செவிக்கு அப்பெயர் வேறோர் உருவத்தைக் கொணரும்.

இடையில் வேறு பலவும் நிகழ்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கிம்லிக்கு அருகே விமானப்படைப் பயிற்சித்தளம் அமைந்து 1971 வரை இருந்தது. 1983 சூலை 23ஆம் நாள், எரிபொருளை அளந்ததில் பவுண்டுக்கும் கிலோவுக்கும் நேர்ந்த குழப்பத்தால் நடுவானில் எரிபொருள் தீர்ந்த பெரிய விமானம் ஒன்று, 69 பேருடன் சறுக்கி வந்து அக்கைவிடப்பட்ட ஓடுதளத்தில் இறங்கியது, ஒருவரும் இறக்கவில்லை. உலகத்தாருள் பலர் கிம்லியின் பெயரை அறிந்தது அதனால்தான். 2003ஆம் ஆண்டில் கிம்லி நகரமும் சூழ்ந்த ஊரகமும் மீண்டும் ஒரே ஊரக நகராட்சியாய் இணைந்தன. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 6,500க்குச் சற்று மேல். ஐஸ்லாந்து, உக்ரேன், போலந்து, செருமனி ஆகிய நாடுகளின் வழியினரும் பழங்குடியினரும் அதில் அடங்குவர்.

கிம்லி வீடுகளில் விழாநாட்களில் 'வீனர்தெர்த்தா' என்னும் அடுக்குப் பணியாரம் செய்வர். மெல்லிய மாவடுக்குகளுக்கு இடையே உலர்ந்த பிளம்சுப் பழக்கூழ். ஐஸ்லாந்திலேயே வழக்குக் குறைந்துபோன அப்பணியாரம் குடியேறியோர் வீட்டில் பிழைத்து நிற்கிறது. எத்தனை அடுக்கு என்பதில் குடும்பங்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. 'வியன்னாப் பணியாரம்' என்பது அதன் பெயர்ப்பொருள். வியன்னாவோ, உக்ரேனிய அண்டைவீட்டார் எப்பேரரசினின்று ஓடிவந்தனரோ அதன் தலைநகர்!

யோனாசன் 1942ஆம் ஆண்டில், 90 வயதில், அப்பகுதியிலேயே இறந்தார். ராம்சே அதற்குப் பல்லாண்டு முன்னரே மறைந்துவிட்டார். அம்மையில் இறந்த தம் மனைவி பெட்சிக்காக அவர் தொலைவிலிருந்து பளிங்குக் கல் ஒன்றை வாங்கிக் கொணர்ந்து, ரிவர்ட்டனுக்கு அருகே அவர் கல்லறையில் நட்டார். சுற்றி மரவேலியும் இட்டார். நாளடைவில் வேலி சிதைந்தது. ராம்சே ஒருநாள் இரவு கனவில் தோன்றி வேலியைச் சீர்செய்யுமாறு கேட்டதாகக் கூறி, திரவுசுதி விக்பூசன் என்னும் ஐஸ்லாந்துத் தச்சர் ஒருவர் அதனைத் தம் கையால் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அக்கல் இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது.